பயந்த ஒரு நாளை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நீ பயந்த ஓர் அனுபவத்தை எழுது" என்றதும் பேனா நின்றுவிடுவது சகஜம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு என்று மும்பையின் தமிழ்ப் பகுதிகளில் சொந்த அனுபவத்தைத் தமிழில் எழுதிப் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, ஓய்வு பெற்றவர்களும் உண்டு. சுமார் 600 சொல் வரும் ஓர் அனுபவக் கதையை மனத்தில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

எனக்குப் பெரிய ஆபத்து எதுவும் நேர்ந்ததில்லை. அப்போதும் எழுதலாமா?

தாராளமாக. ஆபத்து எவ்வளவு பெரியதோ அவ்வளவு பயம் வரும் என்று கணக்கு இல்லை. ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுவிட்டு, டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போது தன் முறைக்காகக் காத்திருக்கும் பையனின் பயம் பாம்பைப் பார்த்த பயத்துக்கு இளைத்ததில்லை.

எது பறிபோய்விடும் என்று நீங்கள் நினைத்தீர்கள் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் தீ, திருடன், விபத்து எது வந்தாலும் செய்தித்தாள் துணுக்குப் போலத்தான் இருக்கும். எழுதும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் "______ என்று பயந்தேன்" என்பதை நிரப்பிப் பாருங்கள். "ரயிலைப் பார்த்துப் பயந்தேன்" என்று வந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். "இனி வீட்டுக்கு வழியே கிடைக்காது என்று பயந்தேன்" என்று வந்தால் உட்கார்ந்து எழுதத் தொடங்கலாம்.

எதை எழுதுவது என்றே தோன்றவில்லை. எங்கே தேடுவது?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. ஞாபகத்தைத் துழாவ இதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது அரிது. நான்கையும் தலைப்பாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் மூன்று நினைவுகளாவது எழுதுங்கள். மொத்தம் கால் மணி நேரம் போதும்.

அணங்கு என்பது கண்ணுக்குத் தெரியாதது. சால் எனப்படும் வரிசை வீட்டுக் குடியிருப்பில் கடைசிக் கோலிக்கு (அறைக்கு) பக்கத்தில் இருந்த பொதுக் கழிப்பறைக்கு ராத்திரியில் போனது, கரண்ட் போன மாடிப்படி, ஊருக்குப் போனபோது தாத்தா காட்டிய சுடலைமாடன் கோயில். விலங்குக்கு மும்பையில் தெருநாயே போதும். ஆரே காலனிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சிறுத்தையும் உண்டு. கள்வர் என்பதில் ஆளால் வரும் பயம் எல்லாம் அடங்கும்: பின்தொடர்ந்து வந்தவன், கூட்டத்தில் பையைத் தடவிய கை.

பலரும் மறப்பது நாலாவதை. இறை என்றால் அரசன். நம் காலத்துக்கு அதிகாரம் உள்ள எவரும். ஹெட்மாஸ்டர், டிக்கெட் செக்கர், வீட்டுக்காரர், அப்பா. நல்ல கதைகள் பெரும்பாலும் இந்தப் பெட்டியில்தான் கிடக்கின்றன. அந்தப் பயத்தில் வெட்கமும் கலந்திருக்கும் என்பதால் யாரும் எளிதில் வெளியே எடுப்பதில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

நினைப்பதைவிடத் தாமதமாக. "அது ஒரு மழைக்காலம். நான் அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் நான்கு பேர்" என்று தொடங்கும் கட்டுரைகளின் முதல் பத்தியை அப்படியே வெட்டினாலும் ஒன்றும் குறைவதில்லை. வயதும் இடமும் போகிற போக்கில் வந்துவிடும். முதல் 80 சொல்லுக்குள் ஏதோ ஒன்று சரியில்லை என்ற அறிகுறி வந்துவிட வேண்டும்.

அதற்காக "காப்பாத்துங்க!" என்ற அலறலோடு தொடங்குவதும் வேண்டாம். வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்று இரண்டு வரியாவது தெரிந்தால்தான் அது கெட்டுப்போனது படிப்பவருக்கு உறைக்கும்.

மொத்தம் ஐந்து நிமிடம்தான் நடந்தது. அதை எப்படி 600 சொல்லுக்கு இழுப்பது?

இழுக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 100 சொல் முன்கதை, 400 சொல் அந்த ஐந்து நிமிடம், 100 சொல் பின்கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகாதவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கிளம்பியது, சாப்பிட்டது, பஸ் ஏறியது என்று 400 சொல் போனபின், பயந்த கட்டம் நான்கு வரியில் முடிந்துபோகிறது.

பயந்த நேரம் நீண்டதாக நினைவில் நிற்பது இயற்கை. அமெரிக்க நரம்பியலாளர் டேவிட் ஈகிள்மனின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களைக் கீழே இருந்த வலையில் விழச் செய்து, விழுந்த நேரத்தை மதிப்பிடச் சொன்னார்கள். மற்றவர்கள் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்த நேரம் சராசரியாக 36 சதவீதம் அதிகம் என்று தோன்றியிருந்தது. ஆனால் விழும்போது கண் கூடுதல் வேகத்தில் எதையும் பார்த்துவிடவில்லை. அடர்த்தியாகப் பதிந்த நினைவுதான் நேரத்தை நீட்டிக் காட்டுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். எழுதுபவருக்கு இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. "நேரம் நின்றுபோனது" என்று எழுத வேண்டாம். அந்த நிமிடத்தில் கண்ணில் பட்ட சில்லறைப் பொருள்களை வரிசையாக வைத்தாலே படிப்பவருக்கு நேரம் மெதுவாகிவிடும்.

"பயமாக இருந்தது" என்று எழுதவே கூடாதா?

கட்டுரை முழுக்க ஒரு தடவை எழுதிக்கொள்ளுங்கள். ஏழு தடவை எழுதினால் ஏழாவதை யாரும் படிக்கமாட்டார்கள். தேய்ந்துபோன மற்றவையும் உண்டு: இதயம் படபடவென அடித்தது, வியர்த்து விறுவிறுத்தது, கை கால் வெடவெடத்தது, உயிரே போய் உயிர் வந்தது. பொய்யில்லை, ஆனால் எல்லாருடைய பயத்துக்கும் பொருந்தும் சட்டை உங்கள் பயத்தைக் காட்டாது.

உடம்பு என்ன செய்யும் என்று தெரிந்திருந்தால் சரியானதைத் தேர்ந்தெடுக்கலாம். அட்ரினலின் பாயும்போது ரத்தம் தோலையும் குடலையும் விட்டுத் தசைக்குப் போகிறது. விரல் சில்லிடுவதும் அடிவயிறு பிசைவதும் இதனால்தான். எச்சில் வற்றுவதால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். கவனம் ஒரே புள்ளியில் குவிவதால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் அடுக்கினால் மருத்துவக் குறிப்பு ஆகிவிடும்.

அதைவிட உதவுவது கை என்ன செய்தது என்பது. பயந்தவர் ஏதாவது சம்பந்தமில்லாத வேலை செய்துகொண்டிருப்பார்: செருப்பை ஒழுங்காகத் திருப்பி வைப்பார், பாஸை எடுத்து எடுத்துப் பார்ப்பார், சட்டைப் பொத்தானைத் திருகுவார். அந்த ஒரு செயல் ஞாபகம் வந்தால் கட்டுரையில் பாதி முடிந்த மாதிரி.

ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

விளக்குவதற்காகவே எழுதிய மாதிரி இது. பதினொரு வயதுப் பெண், முதல்முறை தனியாக தாதரிலிருந்து சயானுக்கு வர வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ லோக்கலுக்குப் பதில் ஃபாஸ்டில் ஏறிவிட்டாள். ஃபாஸ்ட் மாட்டுங்காவிலும் சயானிலும் நிற்காது. முதல் வரைவு இப்படி இருக்கும்:

"ரயில் நிற்காமல் போனது. எனக்கு மிகவும் பயமாக இருந்தது. இதயம் படபடவென்று அடித்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததே இல்லை."

திருத்தியபின்:

"மாட்டுங்கா போர்டு ஜன்னலில் ஓடியது. நின்று போகும் வண்டி எதற்கு ஓடுகிறது என்று நினைத்தேன். சயானில் நிற்கும் என்று பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு கதவோரம் நகர்ந்தேன். சயான் போர்டும் ஓடியது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நாங்கள் தினமும் பால் வாங்கும் கடையின் நீலத் தகரம் ஒரு நொடி தெரிந்தது. 'உதர்னா ஹை க்யா?' என்று பின்னாலிருந்து ஓர் அக்கா கேட்டார். இறங்கத்தான் வேண்டும், எங்கே என்றுதான் தெரியவில்லை. பெரியம்மா கொடுத்தனுப்பிய குழம்பு டப்பாவின் மூடி எப்போது கழன்றதோ, முழங்கை வரை பிசுபிசுவென்று இருந்தது."

இரண்டாவதில் பயம் என்ற சொல்லே இல்லை. வேலை செய்வது மூன்று: நிற்காமல் ஓடும் போர்டு, கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்து மறையும் பால்கடை, குழம்பு டப்பா. பால்கடைத் தகரத்தைத் தூக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள், பாதி பயம் குறைந்துவிடும். வீடு அங்கேயே இருக்கிறது, வண்டி போகிறது என்பதை அந்த நீலம்தான் சொல்கிறது.

பின்னால் தெரிந்துகொண்ட விவரங்களை எங்கே சேர்ப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பயக் கதை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். அப்போது தெரிந்ததை மட்டும் அப்போது எழுதுங்கள். மேலே சொன்ன வண்டி பெரும்பாலும் குர்லாவில் நிற்கும், எதிர்ப்பக்க ஸ்லோவைப் பிடித்தால் அடுத்த ஸ்டேஷனே சயான். இது எழுதுகிறவருக்கு இன்று தெரியும். அந்தப் பெண்ணுக்கு அன்று தெரியாது. "குர்லாவில் நிற்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது" என்று நடுவில் ஒரு வரி போட்டால் போதும், படிப்பவர் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்.

2005 ஜூலை 26 மும்பை வெள்ளத்தை எழுதுகிறவர்கள் பலர் செய்யும் பிழையும் இதுதான். முதல் வரியிலேயே "சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை" என்று வந்துவிடும். எண் சரிதான். ஆனால் அன்று மதியம் குர்லா பக்கம் நின்றுபோன வண்டிக்குள் இருந்தவருக்கு 944 தெரியாது. ஃபேன் நின்றது தெரியும், தண்டவாளம் மறைந்தது தெரியும், யாரோ கதவிலிருந்து குதித்து இடுப்பளவு தண்ணீரில் நின்றது தெரியும். அதே நாள் தென்கோடியில் கொலாபாவில் பெய்தது 100 மில்லிமீட்டர்கூட இல்லை. கோட்டைப் பகுதி ஆபீஸில் இருந்தவர் "சாயங்காலம் வழக்கம்போல ஸ்டேஷனுக்கு வந்தேன்" என்றே தொடங்கலாம். அவருடைய பயம் அங்கே வந்தபிறகுதான் ஆரம்பிக்கிறது.

அந்த மழை எண்ணும், நகருக்குள் ஓடும் மித்தி நதி பெருகியதற்கான காரணமும் கட்டாயம் வேண்டும் என்றால் பின்கதையில் ஒரு வரி. இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, வீட்டில் காத்திருந்தேன். அது கதையாகுமா?

ஆகும், ஆனால் எழுதக் கடினம். 2006 ஜூலை 11 மாலை மேற்கு ரயில்வே வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்தபோது, நகரம் முழுக்க வீடுகளில் உட்கார்ந்திருந்தவர்களின் அனுபவம் அந்த வகை. போன் கிடைக்கவில்லை, டிவியில் ஒரே காட்சி, கதவு திறக்கவில்லை. நிகழ்ச்சியே இல்லாத கதை.

ஒரு வழி இருக்கிறது. ஒரே பொருளை மூன்று தடவை காட்டுங்கள், ஒவ்வொரு தடவையும் சற்று மாறியிருக்கட்டும். முதலில் அப்பாவுக்கும் சேர்த்து அம்மா அரிசி அளந்து போடுகிறாள். பிறகு குக்கர் ஆறிக் கிடக்கிறது, யாரும் திறக்கவில்லை. கடைசியில் மூடியைத் திறந்து, தட்டுகளை எண்ணி எடுத்து வைக்கிறாள். இரண்டு தடவை காட்டினால் கவனத்தில் நிற்காது. நாலாவது தடவை வந்தால் ஆசிரியரின் தந்திரம் தெரிந்துவிடும்.

சரியாக ஞாபகம் இல்லை. கொஞ்சம் சேர்த்து எழுதலாமா?

பயந்த நினைவு தெளிவாக இருப்பதால் சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. செய்தியை எங்கே, எப்படிக் கேட்டோம் என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் மறுநாளே மாணவர்களிடம் எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் மீண்டும் கேட்டபோது, நால்வரில் ஒருவருக்கு எந்த முக்கிய விவரமும் பொருந்தவில்லை. சிலர் தங்கள் பழைய கையெழுத்தைப் பார்த்தபின்னும் நம்பவில்லை.

ஆகவே சரிபார்க்க முடிந்ததைச் சரிபாருங்கள்: அன்று என்ன கிழமை, எந்த வகுப்பு, அந்த ஸ்டேஷனில் அப்போது எஸ்கலேட்டர் இருந்ததா. கூட இருந்தவரிடம் கேளுங்கள். முக்கியமாக, நீங்கள் எழுதியதைக் காட்டுவதற்கு முன் அவர் சொல்வதைக் கேட்டுவிடுங்கள். படித்துவிட்டால் அவர் நினைவும் உங்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

பேச்சை ஏறத்தாழ அமைத்துக்கொள்வதில் தவறில்லை, யாருக்கும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்காது. நடக்காத நிகழ்ச்சியைச் சேர்ப்பது வேறு; அதைச் செய்தால் சிறுகதை என்று போட்டுக்கொள்ளுங்கள். இருவேறு நினைவுகள் மோதினால் இரண்டையும் எழுதலாம்: "அண்ணன் மழை இல்லை என்கிறான். என் ஞாபகத்தில் சட்டை நனைந்திருக்கிறது." பல நேரம் கட்டுரையின் சிறந்த வரியே இதுதான்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா? நடுவில் இந்தி வந்தால்?

கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில், பேச்சு வரிகள் அவரவர் வாயில் வருவதுபோல. தாராவியில் திருநெல்வேலி வழி வந்த அம்மா, "மகளே, நீ எங்கே சென்றிருந்தாய்?" என்று கேட்டால் படிப்பவர் சிரித்துவிடுவார், பயம் பறந்துவிடும். "ஏட்டி, எங்க போய்த் தொலஞ்ச?" என்பதில் அழுகையும் கோபமும் சேர்ந்தே இருக்கிறது. மாட்டுங்கா மாமி கேட்டால் வேறு மாதிரி கேட்பார், அதை அப்படி எழுதுங்கள்.

இந்தி, மராத்தி பேச்சைத் தமிழ் எழுத்தில் அப்படியே வைக்கலாம், ஒரு பேச்சுக்கு நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். அடைப்புக்குறியில் பொருள் போடாதீர்கள். அடுத்த வரி பொருளைச் சுமந்து வரட்டும், மேலே உள்ள "உதர்னா ஹை க்யா?" போல. மொழி சரியாகப் புரியாததே பயத்துக்குக் காரணமாக இருந்தால், உங்களுக்குக் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே, புரியாமலே விடுங்கள்.

இறந்தகாலமா, நிகழ்காலமா?

இறந்தகாலம். "ஓடுகிறேன், பார்க்கிறேன்" என்று முழுக்க எழுதினால் கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆகிவிடுகிறது.

வாக்கிய நீளம் பற்றி ஒன்று. தமிழில் "பார்த்து, திரும்பி, ஓடி, தடுக்கி" என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம், முற்று வரும்வரை மூச்சு விட முடியாது. ஓடும் கட்டத்துக்கு அது பொருத்தம். உறைந்து நிற்கும் கட்டத்தில் அதே சங்கிலி கெடுத்துவிடும். அங்கே ஒவ்வொன்றையும் முற்றில் நிறுத்துங்கள். நின்றேன். விளக்கு எரிந்தது. யாரும் இல்லை.

கலவர நாள்கள், வீட்டுச் சண்டை போன்றவற்றில் மற்றவர் பெயரை எழுதலாமா?

பெயரை மாற்றுங்கள், தெருவையும் வேலையையும்கூட மாற்ற வேண்டியிருக்கலாம், ஒரே சாலில் இருந்தவர்களுக்குக் கடைப் பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 1992 டிசம்பர், 1993 ஜனவரி கலவரத்தை எழுதும்போது ஒரு சமூகத்தின் பெயரைப் பயத்துக்குக் காரணமாக நிறுத்திவிடாதீர்கள். எதைப் பார்த்தீர்களோ, எந்தச் சத்தம் கேட்டதோ அதை எழுதுங்கள். வதந்தியை வதந்தி என்றே எழுதுங்கள். அன்றைய பயத்தில் அதற்கும் பங்கு உண்டு.

எழுதும்போதே உடம்பு நடுங்குகிறது. தொடரலாமா?

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1980களில் தொடங்கிய ஆய்வுகளில், மனத்தை உலுக்கியவற்றை ஒரு நாளைக்கு 15 நிமிடம் வீதம் தொடர்ந்து நான்கு நாள் எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே பலருக்கு மனம் கனத்தது. நாள் போகப் போக உடல்நலத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஆகவே முதல் நாள் சோர்வு வருவது இயல்பு. கடிகாரம் வைத்து எழுதுங்கள், 15 நிமிடம் ஆனதும் மூடிவிடுங்கள், ராத்திரி தூங்கப்போகும் முன் வேண்டாம்.

தூக்கம் கெடுகிறது, காட்சி தானாகத் திரும்பத் திரும்ப வருகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் நிறுத்திவிட்டு வேறொரு நாளை எழுதுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணமில்லை, பல இந்திய மொழிகளில் பேசலாம்.

முடிவில் நீதி சொல்ல வேண்டுமா?

"அன்றிலிருந்து பயத்தை வெல்லக் கற்றுக்கொண்டேன்" என்று முடியாத பள்ளிக் கட்டுரை அபூர்வம். பெரும்பாலும் அது உண்மையும் இல்லை. ஆசிரியர் கேட்டே தீருவார் என்றால், செயலாகச் சொல்லுங்கள்: "இப்போதும் ரயில் ஏறுவதற்கு முன் ஸ்டேஷன் இண்டிகேட்டரை இரண்டு தடவை பார்க்கிறேன்." அவருக்கு நீதி கிடைத்துவிடும், உங்களுக்குக் கதையும் மிஞ்சும்.

எழுதி முடித்தபின் எப்படித் திருத்துவது?

குறைந்தது ஒரு நாள் ஆறப்போடுங்கள். பிறகு பென்சிலோடு மூன்று சுற்று. முதல் சுற்றில் "மிகவும்", "திடீரென்று", "போல", "அப்போது" ஆகியவற்றை வட்டமிட்டு, முக்கால்வாசியை நீக்குங்கள். "திடீரென்று" போனால் பெரும்பாலும் நிகழ்ச்சி இன்னும் திடீரென்று நடக்கும், வேடிக்கைதான். இரண்டாவது சுற்றில் அன்று உங்களுக்குத் தெரிந்திருக்க முடியாத ஒவ்வொரு விவரத்தின் கீழும் கோடு போட்டு, பின்கதைக்குத் தள்ளுங்கள் அல்லது அழியுங்கள். மூன்றாவது சுற்று வாய்விட்டுப் படிப்பது. நாக்கு இடறும் இடத்தில் வாக்கியம் இரண்டாக வேண்டும்.

பிள்ளைக்கு வீட்டுப்பாடமாக வந்திருக்கிறது. எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி கேட்டுக் கொடுங்கள். அப்போ கையில என்ன வச்சிருந்தே? பக்கத்துல யாரு? என்ன சத்தம் கேட்டது? என்ன ஆகிடும்னு நினைச்சே? அப்புறம் முதல்ல யார்கிட்ட சொன்னே? போனில் பதிவு செய்துகொண்டு, பிள்ளை சொன்ன சொற்களையே எழுதச் சொல்லுங்கள். "தண்ணி கறுப்பா வாய் திறந்துச்சு" என்று சொன்னால் அதை "வெள்ளம் பெருக்கெடுத்தது" என்று திருத்தாதீர்கள். "இதுக்கெல்லாம் போய் யாராவது பயப்படுவாங்களா?" என்று சமையலறையிலிருந்து கேட்டுவிடவும் வேண்டாம், அன்றைய எழுத்து அத்தோடு நின்றுவிடும்.